குறுக்கே ஓர் இலை

யாக்கோபு சொன்னதைச் செங்கோடன் பல வருஷமாகவே நம்பவில்லை. நம்பாமலேதான் அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், வால்பாறைக்கு மேலே இதே மழைக்காட்டில், கைவிடப்பட்ட இதே ஏலத்தோட்டத்து ஓரத்தில், வழிகாட்டியாக வந்த யாக்கோபு அவருக்கு ஒரு தவளைவாயன் பறவையின் கூட்டைக் காட்டினார். உள்ளங்கை அகலக் கூடு. அதன் மேல் தகப்பன் பறவை, நெஞ்சுக்கடியில் ஒற்றைக் குஞ்சு. ஆனால் கூட்டுக்கு நேர் முன்னால் ஒரு கொப்பு குறுக்கே நின்றது. அதன் இலைகள் பறவையின் முகத்தில் பாதியை மறைத்தன. அன்றைக்குப் படம் சரியாக வரவில்லை. மறுநாள் காலையில் போனபோது கொப்பைக் காணோம். ராத்திரி காத்து அடிச்சுதுங்க சார், அதுல முறிஞ்சிருச்சு என்றார் யாக்கோபு. செங்கோடன் படம் எடுத்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். நான்கு நாள் கழித்து, மறைப்பு போன கூட்டை ஒரு வால்காக்கை பார்த்துவிட்டது, குஞ்சு போய்விட்டது, தகப்பன் மூன்று நாள் வெறுங்கூட்டில் உட்கார்ந்திருந்தது என்று யாக்கோபு தபாலாபீஸ் போனில் சொன்னார். செங்கோடன் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினார். காற்று எனக்காகத் திரையை விலக்கியது, வால்காக்கை அதற்கான விலையை எடுத்துக்கொண்டது என்று அதில் ஒரு வரி. எத்தனை மேடையில் அந்த வரியைச் சொல்லியிருப்பார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் கலங்கும். காற்று, காற்று, காற்று. இப்போது ஐம்பத்தாறு வயதில், ஈரக் கல்லின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பத்தடி தள்ளிக் குந்தியிருக்கும் யாக்கோபின் நரைத்த பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் ஓட்டைப்பல்லில் மாட்டிக்கொண்ட நாரைப்போல உறுத்தியது.

மணி ஏழரை. எட்டேகாலுக்குத்தான் வெளிச்சம் வரும். மேலே மரக்கூரையில் இருக்கும் ஒரு சந்து வழியாகச் சூரியன் இறங்கி இந்த வருஷத்துக் கூட்டின் மேல் பத்து நிமிஷம் விழும், அதற்காகத்தான் ஆறு பேரும் முக்கால்மணி நேரமாகக் காத்திருக்கிறார்கள். வனமௌனம் என்று பெயர் வைத்திருக்கும் அந்த விடுதியின் விருந்தாளிகள். வனமௌனத்தின் ஜெனரேட்டர் விடிய விடிய உறுமியதை நினைத்து அவருக்குச் சிரிப்பும் வரவில்லை. வரவேற்பில் எலுமிச்சைப்புல் டீ கொடுக்கிறார்கள். பிறகு எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, கை நீட்டச் சொல்லி, நான் காட்டில் காலடித் தடத்தைத் தவிர வேறெதையும் விட்டுச்செல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல எல்லாரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். எந்த வாயால் சொன்னோம் என்று இப்போது தோன்றுகிறது. காலடித் தடம் மட்டுமாம். வரும் வழியில் பார்க்கவில்லையா, போன வருஷம் ஒற்றையடியாக இருந்த பாதை இந்த வருஷம் ஜீப் போகிற அகலத்துக்குத் தேய்ந்து கிடப்பதை? சோலைமந்திக் கூட்டம் ஒன்று ரோட்டோரக் குப்பைத் தொட்டியில் தலையை விட்டுச் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு. ஒரு அம்மாள் ஜீப்பிலிருந்து வாழைப்பழத்தை நீட்டினாள், மேனேஜர் வினோதா, அப்படிச் செய்யக் கூடாதுங்க மேடம் என்று கொஞ்சலாகச் சொன்னாள், ஆனால் அந்த அம்மாளின் கணவர் படம் எடுத்து முடிக்கும் வரைக்கும் ஜீப் நகரவில்லை. இதையெல்லாம் கேட்டால், விழிப்புணர்வு சார் என்பார்கள். மக்கள் பார்த்தால்தானே காட்டை நேசிப்பார்கள் என்பார்கள். அந்த வாக்கியத்தை முதன்முதலில் எழுதியது யார், அதுவும் நீதானே என்று உள்ளே ஒன்று கேட்டது. ஆமாம், பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில். கேட்டதும் கோபம் இன்னும் கூடியது. தன் மேல் வருகிற கோபம் வேறு போக்கிடம் இல்லாமல் மற்றவர்கள் மேல் பாயும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, பாய்ந்தது. முன்னால் முக்காலியில் பீரங்கி மாதிரி லென்ஸை ஏற்றி வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை இலை இலையாக அச்சடித்த உடுப்பு போட்டிருந்த பத்ரிநாத்தின் முதுகின் மேல் பாய்ந்தது.

பத்ரிநாத் சென்னையில் பல் மருத்துவர். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டம். நேற்றுச் சாப்பிடும்போது தன் பெண்ணுக்கு இந்தப் பறவையைப் பற்றிச் செங்கோடனின் கட்டுரையைத்தான் படித்துக் காட்டியதாகச் சொல்லி உருகினார். இப்போது திரும்பி, குரலைத் தணித்து, சார் எனக்கு ஒரு இலை முகத்துல விழுது, உங்க படத்துல ஒரு இலைகூட குறுக்க இல்லையே, எப்படி சார் என்றார். செங்கோடன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார், பறவைக்காக என்பதுபோல. அந்தப் படம் விடுதி வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, இந்த மாதிரி ஒண்ணு எடுக்கணும் என்கிறார்கள். அவரை ஆசான் என்று அழைத்து, மூன்று நாள் தங்க வைத்து, இப்படிக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்ததே அந்தப் படத்துக்காகத்தான். அவருக்கு வேறு என்ன தகுதி? தாவரவியல் வாத்தியார், முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டு வரையச் சொல்லிக் கொடுத்தவர். இலை என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாதா? இந்த நிழல்காட்டில் குஞ்சுக்கு மேல் நேர்வெயில் பத்து நிமிஷம் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான், கொப்பு இல்லாத அந்தக் காலையில், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், மண்டியிட்டு, நன்றி என்று முணுமுணுத்துக்கொண்டு படம் எடுத்தார். யாருக்கு நன்றி? காற்றுக்கு. காற்றுக்கா?

அந்த ராத்திரி காற்று அடிக்கவில்லை. அதை அவர் அப்போது யோசிக்கவில்லை, அப்புறம்தான், ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு யாக்கோபின் எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருந்தார். அட்டை கடித்து ரத்தம் ஊறின காலுறையைக் கழுவி வேலிக் கம்பியில் போட்டிருந்தார், கிளிப்பு கூட மாட்டவில்லை. காலையில் அது போட்ட இடத்தில் போட்ட மடிப்பு மாறாமல் கிடந்தது. ஒரு கொப்பை முறிக்கிற காற்று ஒரு காலுறையைத் தள்ளாதா? இது ஒன்று. இன்னொன்று படத்திலேயே இருந்தது. கோயம்புத்தூர்க் கண்காட்சிக்காக அதைச் சுவரளவு பெரிதாக்கி அச்சடித்தபோது, இடது கீழ்மூலையில், பாசிக்கும் இருட்டுக்கும் நடுவில், ஒரு குச்சியின் முனை தெரிந்தது. முறிந்த குச்சி நாராகப் பிளந்திருக்கும், பிசிறு தொங்கும். இது சாய்வாக, ஒரே வீச்சில், பென்சில் சீவினதுபோல. பார்த்துக்கொண்டே நின்றார். யாக்கோபு முப்பது வருஷம் எஸ்டேட்டில் கவாத்து வெட்டினவர். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர்கள் அப்படித்தான் வெட்டுவார்கள், மழைத்தண்ணி நிற்காமல் வழிந்துவிடுவதற்காகச் சாய்வாக. வேறு மாதிரி வெட்ட அந்தக் கைக்கு வராது. திருட்டுத்தனமாகச் செய்யும்போதுகூட, செடி அழுகிவிடக் கூடாதென்று ஒழுங்காக வெட்டியிருக்கிற கை. அச்சகத்துக்காரர் ஏன் சார் பாக்கிறீங்க, எதாச்சும் கறையா என்றார். ஆமாம், மூலையில் கொஞ்சம் நறுக்கிவிடுங்கள் என்றார் செங்கோடன். நறுக்கிவிட்டார்கள். வரவேற்பறையில் தொங்குவது அந்த நறுக்கின படம்தான். அதற்குப் பிறகும் மேடையில் காற்று என்றே சொன்னார். யாக்கோபைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டார். வெளியே தெரிந்தால் வனத்துறைக்காரர்கள் அந்த ஆளுடைய வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், ஏழை, வயசானவன், போகட்டும். எவ்வளவு நல்ல மனம். எவ்வளவு வருஷமாக யாக்கோபை மன்னித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒரு அட்டை முழங்காலுக்குக் கீழே காலுறையின் நெசவைத் தடவித் தடவி ஓட்டை தேடிக்கொண்டிருந்தது. அதைச் சுண்டிவிடாமல் பார்த்தார். மன்னிப்பதற்கு நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வது? கொப்பு போனதற்கு முந்தின நாள், அந்த முதல் நாள், நடந்ததை அவர் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டார். கூடு இருந்தது, இலை மறைத்தது. இடமும் வலமுமாக நகர்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். யாக்கோபு பின்னால் நின்றார். செங்கோடன் ச்சே என்றாரா? பெருமூச்சு விட்டாரா? அதெல்லாம் யாரும் விடுவதுதான். அதற்குப் பிறகு ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைவு ஒவ்வொரு தடவையும் வழுக்கிவிடுகிறது. வலது கை எழுந்ததா? புறங்கையால் காற்றைத் தள்ளுவதுபோல, தூசியை ஓட்டுவதுபோல, கொப்பைப் பார்த்து ஒரு விசிறல்? ஒரு நாள் நிச்சயமாக எழுந்தது என்று தோன்றும். மறுநாள், இல்லை, கொசுவை ஓட்டினேன் என்று தோன்றும். மார்ச் மாதம் அந்த உயரத்தில் கொசு ஏது? யாக்கோபு ஒரு முறை எஸ்டேட் கதை சொல்லும்போது சொன்னார், துரைமாருங்க வாயத் தொறந்து எதையும் சொல்ல மாட்டாங்க சார், கைதான், குச்சிய இப்படித் தூக்குனா அந்த வரிசைக்குப் போகணும், இப்படி அசைச்சா ஆளு வேலைய விட்டே போகணும், பின்னால கேட்டா நான் எப்போடா சொன்னேன்பாங்க. சொல்லிவிட்டுச் சிரித்தார். செங்கோடனும் சிரித்தார், சுரண்டலைப் பற்றி ஒரு பத்தியும் எழுதினார். தன்னைவிட நாலு வயது மூத்த ஆளைப் பத்தொன்பது வருஷமாகப் பேர் சொல்லி, நீ வா போ என்று கூப்பிட்டுக்கொண்டே எழுதினார்.

முன்னால் சலசலப்பு. வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிட்டது. மேலே பச்சைக்குள் ஒரு வெள்ளைக் கோடு, அது மெல்ல நகர்ந்து நகர்ந்து கூட்டை நோக்கி வந்தது. தகப்பன் பறவை அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கி, கண்ணைக் கீறல் அளவு சுருக்கிக்கொண்டு, உளுத்த மரமுனைபோல அசையாமல் இருந்தது. பயந்தால்தான் அது அப்படிச் செய்யும். அதன் உடம்பெல்லாம் பயம், ஆனால் படத்தில் அது தியானமாகத் தெரியும், அவருடைய படத்தின் கீழும் தியானம் என்றுதான் எழுதியிருக்கிறது. பத்ரிநாத் வினோதாவிடம் ஏதோ சொன்னார். வினோதா தலையாட்டினாள், யாக்கோபின் பக்கம் போய்க் குனிந்தாள். ஒரு இலைதான, லேசா ஒதுக்கி விட்டுருங்களேன், டாக்டர் அதுக்காகவே வந்திருக்காரு, போன மாசம் வந்தவங்களும் இதையேதான் புகார்ல எழுதியிருந்தாங்க என்று கெஞ்சலும் அதட்டலுமாக அவள் பேசியது செங்கோடனுக்குக் கேட்டது. யாக்கோபு சட்டைப்பையிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்தார். பச்சை நூல், பூக்கட்டுகிற நூலைச் சாயத்தில் முக்கியது.

"வெட்ட மாட்டேன் மேடம்," என்றார். "கட்டி இழுத்து வைப்பேன். பத்து நிமிஷம். வெளிச்சம் போனதும் அவுத்து விட்ருவேன். கொப்பு அது பாட்டுக்கு நின்னுக்கும்."

"அதையே செய்ங்க. யாரு வெட்டச் சொன்னா?"

யாரு வெட்டச் சொன்னா. செங்கோடனுக்கு நெற்றிப்பொட்டில் அடித்தது. இந்த நூல் எப்போதிலிருந்து? இந்த ஆள் வேறு யாருக்கும் தெரியாமல், உறுதிமொழி ஏதும் எடுக்காமல், தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொண்டு, அதற்குப் பச்சைச் சாயமும் முக்கி, எத்தனை வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்? நான் அதைக் கட்டுரையாக்கிக்கொண்டிருந்தபோது இவர் நூல் வாங்கியிருக்கிறார். அந்த எண்ணம் அவமானமாக வந்து, வந்த வேகத்தில் கோபமாகத் திரும்பியது. பத்து நிமிஷமாம். இந்தக் கூட்டில் இருப்பது பிறந்து நாலைந்து நாள்தான் ஆன பஞ்சுருண்டை. கட்டும்போது கொப்பு ஆடும், பறவை பறந்தால் திரும்பி வர எவ்வளவு நேரமோ, வெயிலில் குஞ்சு வெந்துவிடும், அந்த வால்காக்கைகள் அரை மணி நேரமாகப் பள்ளத்தில் கத்திக்கொண்டிருப்பது இவர்கள் யார் காதிலும் விழவில்லையா? ஆறு லென்ஸ், ஆறு உறுதிமொழி. எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் பத்ரிநாத் கேட்பார், கேட்க வேண்டியதுதான், சார் உங்க படத்துல மட்டும் எப்படி இலை இல்ல? காற்று என்பாயா? இந்த ஆளை வைத்துக்கொண்டு, இவர் கையில் நூலைப் பார்த்துக்கொண்டு, இவர் முகத்துக்கு நேராக, இன்னொரு தடவை காற்று என்பாயா? யாக்கோபு எழுந்துவிட்டார். செங்கோடனுக்கு முதுகைக் காட்டியபடி, கால்பெருவிரலை முதலில் ஊன்றி, சருகு நொறுங்காமல் ஓரடி வைத்தார், இன்னொரு அடி. நூலின் நுனி விரலில் சுற்றியிருந்தது. வெள்ளைக் கோடு கூட்டுக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. கொப்புக்கு இன்னும் நாலடி.

செங்கோடன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கைதான் எழுந்தது, உள்ளங்கை வெளியே பார்க்க, தோள் உயரத்துக்கு. யாக்கோபு திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பார்க்கும்படியான இடத்திலும் இல்லை. ஆனாலும் ஓரக்கண்ணில் எங்கோ அந்தக் கை பட்டிருக்க வேண்டும். வைக்கப்போன காலை அந்தரத்திலேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, பழைய இடத்தில் ஊன்றினார். நூலைக் கண்டில் சுற்றினார். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. முப்பது வருஷம் கவாத்து வெட்டிய உடம்பு, யாருடைய கை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை முதுகாலேயே படிக்கப் பழகின உடம்பு. செங்கோடன் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மேலேதான் இருந்தது. வெளிச்சம் கூட்டுக்கு வந்தது. இலையின் மேல் விழுந்தது, இலை பச்சையாக எரிந்தது, அதன் நிழல் பறவையின் நெஞ்சின் மேல் விழுந்தது, பத்து நிமிஷமும் அப்படியே. ஆறு காமிராவும் படபடவென்று அடித்தன. எல்லாவற்றிலும் இலை விழுந்திருக்கும். நல்லது.

செங்கோடனின் கையைத் திரும்பிப் பார்த்திருந்த பத்ரிநாத் சத்தம் போடவில்லை. லென்ஸைக் கழற்றி, மூடியை அழுத்தி மூடி, உங்களுக்குக் கிடைச்சது எங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா சார் என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. செங்கோடன் அவரைப் பார்த்து, காற்று இல்லை டாக்டர், யாரோ வெட்டினது, குஞ்சு அதனாலதான் செத்தது என்றார். இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவருக்கே ஆச்சரியம், அதற்குள் இன்னொரு கூச்சம், யாரோ என்று ஏன் சொன்னாய், பத்தொன்பது வருஷம் காற்று என்றாய், இப்போது யாரோ என்கிறாய், அதில் என்ன வித்தியாசம்? வினோதா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, மத்தியானம் பேசிக்கலாம் சார் என்று சொல்லிவிட்டு எல்லாரையும் பாதையில் இறக்கினாள். அவர்கள் பேச்சு திருப்பத்தில் தேய்ந்தது. யாக்கோபு விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

யாரோ. செங்கோடன் தன் விரிப்பிலிருந்து எழுந்தார், முழங்கால் சொடுக்கியது. யாக்கோபு காற்று என்று சொன்னது யாரைக் காப்பாற்ற? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வேறு விதமாக நினைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஒருவேளை அந்த மனிதர், சார் சொல்லித்தான் வெட்டினேன் என்று சொல்லாமலிருக்க, சாருக்கே அது ஞாபகம் வந்துவிடாமலிருக்க, ஒரு காற்றைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தால்? ஆம் என்று பதில் வந்தால் என்ன செய்வது? இல்லை என்று வந்தால், அந்த இல்லையையும் இந்த ஆள் சாருக்காகத்தான் சொல்கிறார் என்று எப்படித் தெரியும்? தெரியாது. தெரியவே போவதில்லை. பள்ளத்தில் வால்காக்கை கத்தல் நின்றிருந்தது. தகப்பன் பறவை அலகைத் தாழ்த்தி, நெஞ்சை லேசாகத் தூக்கி, கீழே இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி அமர்ந்தது. செங்கோடன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். யாக்கோபின் எதிரே போய் நின்றார்.

"யாக்கோபண்ணே, அன்னைக்கு அந்தக் கொப்பை வெட்டச் சொல்லி நான் உங்களுக்குக் கை காட்டினேனா?"